அம்மாவின் சிரிப்பு

அம்மா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ரங்கூனில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் முதலில் அவர் சிரிப்பைச் சொல்வார்கள், அப்புறம்தான் ஜெபமாலையை.

1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது தாத்தாவின் கடையும் போனது. சொந்தக்காரர்கள் பலர் கப்பலேறினார்கள். தாத்தா இங்கேயே இருந்துவிட்டார். அந்த இல்லாமையில் வளர்ந்த அம்மாவுக்கு இவ்வளவு சிரிப்பு எங்கிருந்து வந்ததோ!

பிப்ரவரி 11 லூர்து மாதா திருவிழாவுக்கு மாதா கோயில் இருக்கும் நியாவுங்லபின் ஊருக்குப் போயே ஆக வேண்டும். எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு ரயிலேறுவோம். வண்டி நடுவழியில் நின்றால் ஜெபமாலையை எடுத்துவிடுவார். ஒருமுறை ஜெபமாலையின் ஐம்பது மணியும் உருட்டி முடிந்தும் வண்டி நகரவில்லை. "மாதாவே, என்னிடம் மணி தீர்ந்துபோச்சு, எஞ்சினை நீயே தள்ளு" என்றார். எதிரே இருந்த பர்மியப் பாட்டிக்கும் அதை பர்மியத்தில் சொன்னார். பெட்டியே சிரித்தது.

2017 நவம்பர் 29 அன்று போப் பிரான்சிஸ் கைக்கசான் மைதானத்தில் பூசை வைத்தார். விடியும் முன்பே கிளம்பிவிட்டார் அம்மா. முட்டி வலி என்ன ஆச்சு என்று கேட்டேன். "அதை வீட்டில் படுக்க வைத்துவிட்டு வந்தேன்" என்றார். நற்கருணை அப்பம் வாங்கித் திரும்பியபோது அவர் முகம் முழுக்கக் கண்ணீர்.

கடைசியில் நோயில்பூசுதல் கொடுக்க, அதாவது எண்ணெய் பூசி ஜெபிக்க, வந்த சாமியாரிடமும், "நல்லா பூசுங்க சாமி, வழுக்கிக்கிட்டே மேலே போயிடுறேன்" என்றார். பயமே இல்லை அவருக்கு. போகிற இடம் தெரிந்தவர்.

நினைவுப் பூசை வரும் ஞாயிறு மாலை. அவர் சொன்ன வேடிக்கை ஏதாவது ஞாபகம் இருந்தால் வந்து சொல்லுங்கள். சாப்பாடு உண்டு.