அயனி கடந்த தடத்தில் மின்சாரம்

வைரத்தை ஒத்த கார்பன் படலங்களில் கன அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற எடைமிக்க அணுக்கள், பதித்துச் செல்லும் தடங்களை அளப்பதுதான் என் ஆய்வகப் பணியின் பெரும்பகுதி. இவ்வகைப் படலங்களில் நான்கு அண்டை அணுக்களோடு பிணைந்த எஸ்.பி.3 கார்பனின் பங்கு 80 விழுக்காடு வரை இருக்கலாம் என்பதால், அவை கடினமானவை. மின்சாரத்தை எளிதில் விடாதவை. அதே கார்பன், கிராஃபைட்டில் உள்ளதுபோல மூன்று அண்டை அணுக்களோடு மட்டும் பிணையும் எஸ்.பி.2 பிணைப்புக்கு மாறினால் கடத்தத் தொடங்கிவிடும். அயனி அந்த மாற்றத்தைத் தன் பாதையை ஒட்டிய சில நானோமீட்டர் அகலத்துக்குள் மட்டும் நிகழ்த்துகிறது.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டிலுள்ள யூனிலாக் முடுக்கி யுரேனிய அயனிகளுக்கு, நியூக்ளியான் (அணுக்கருவிலுள்ள புரோட்டான் அல்லது நியூட்ரான்) ஒன்றுக்கு 11.4 மெகா எலக்ட்ரான்வோல்ட் வரை ஆற்றல் ஊட்டுகிறது. ஒளியின் வேகத்தில் சுமார் 15 விழுக்காட்டை எட்டும் அத்தகைய அயனி, 100 நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தை ஏறத்தாழ இரண்டு ஃபெம்டோ நொடிகளில் கடந்து, அடித்தளத்துக்குள் வெகு ஆழத்தில்தான் நிற்கிறது. கடத்துவது படலத்தில் புதைந்த உலோகம் அல்ல என்பதைப் புதிதாகச் சேர்பவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். அயனி தன் ஆற்றலை முதலில் எலக்ட்ரான்களுக்கே கொடுக்கிறது. அங்கிருந்து பிக்கோ நொடி அளவிலான காலத்தில் அணுக்களுக்குப் பரவும் வெப்பம் குறுகிய உருளை வடிவப் பகுதியை மிக உயர்ந்த வெப்பநிலைக்குத் தள்ளி, உடனே தணிந்துவிட, அணுக்கள் எஸ்.பி.2 அமைப்பில் உறைகின்றன. படலத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 3 கிராம், கிராஃபைட்டினுடையது 2.26 கிராம், ஆகவே மாறிய பகுதி விரிவடைந்து, மேற்பரப்பில் சிறு மேடாகப் புடைத்து நிற்கிறது.

சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கோடி அயனிகள் பாய்ந்தால், ஒரு சதுர மைக்ரோமீட்டரில் சராசரியாக நூறு தடங்கள் அமையும். மின்கடத்தும் ஊசி கொண்ட அணுவிசை நுண்ணோக்கியால் அப்பரப்பை வருடும்போது, மேடுகளின் படமும் மின்னோட்டத்தின் படமும் ஒருசேரத் திரையில் எழுகின்றன. இருண்ட பின்னணியில் ஒளிப்புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தோன்றுவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஓர் அயனியின் வேலை. ஆனால் மேடு தெரிவதாலேயே அங்கே மின்சாரம் பாயும் என்று கொள்ள முடியாது, ஏனெனில் தடத்தின் நடுவில் எங்கேனும் எஸ்.பி.2 பகுதி அறுபட்டிருந்தால் மின்னோட்டம் வெகுவாகக் குறைந்துவிடும். ஊசியின் உலோகப் பூச்சு தேய்ந்தாலும் புள்ளிகள் மங்கும் என்பதால், முதலில் அளந்த இடத்துக்கே திரும்பிச் சென்று சரிபார்க்காத எந்தப் படத்தையும் நான் ஏற்பதில்லை.

ஒரே படலத்தில், ஒரே அயனிக் கற்றையில் உருவான தடங்களுக்கிடையிலும் கடத்துதிறன் பெரிதும் வேறுபடுகிறது. சராசரியை மட்டும் எழுதிவிட்டு இந்தப் பரவலை விட்டுவிடுவது எனக்கு உடன்பாடில்லை. தடத்தை நானோ அளவிலான மின்கம்பியாகப் பயன்படுத்த விரும்புபவருக்கு முதலில் தேவைப்படுவது அந்தப் பரவல்தான். படலத்தில் சிறிதளவு தாமிரம் கலந்தால் தடங்கள் கூடுதலாகக் கடத்துகின்றன. அதே வேளையில் அயனி படாத பகுதியின் மின்கசிவும் கூடிவிடலாம் என்பதால், தடத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள விகிதத்தையும் சேர்த்தே அளக்கிறோம்.