தகரப்பெட்டி

2024 ஜூன் 14

ஆபரேஷன் முடிந்தது. அம்மா கண் திறந்ததும் தண்ணீர் கேட்டாள். அடுத்து, "அந்தத் தகரப்பெட்டி பத்திரமா இருக்கா?"

ஜூன் 15

பெட்டியைத் திறந்தேன். அப்பா மக்களவை உறுப்பினராக இருந்தபோது அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள். எல்லாம் இன்லேண்டு. எல்லாவற்றிலும் அனுப்பிய முகவரி நார்த் அவென்யூ, புது டெல்லி. 1967 மார்ச்சில் தொடங்கி 1970 டிசம்பரில் நிற்கிறது. அம்மா கூட்டத்தொடர் வாரியாகச் சணல் போட்டுக் கட்டியிருக்கிறாள். பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம். அப்பா ஊரில் இருந்த மாதங்களுக்குக் கடிதம் இல்லை. 1969 பிப்ரவரியில் முதலமைச்சர் அண்ணா இறந்ததைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது, அப்போது அப்பா வீட்டில் இருந்திருக்கிறார். அம்மாவோடு அவர் நேரில் பேசியது எதுவும் இந்தப் பெட்டியில் இல்லை.

நான் பிறந்த 1968 ஏப்ரல் கட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை.

ஜூன் 17

ராத்திரி அம்மாவுக்கு வலி. ஊசி போட்ட பிறகும் தூக்கம் வரவில்லை. "ஏதாவது படி" என்றாள். முதல் கட்டைப் பிரித்தேன்.

"இங்கு நலம். அங்கு நலமறிய ஆவல். கட்டடம் முழு வட்டம். வெளியே 144 தூண். எந்தப் பக்கம் நடந்தாலும் கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கிறேன். உள்ளே பச்சைக் கம்பளம். எனக்குக் கடைசி வரிசைக்கு முந்தைய வரிசை. மாதம் 500 ரூபாய், கூட்டத்துக்கு வந்த நாட்களுக்குத் தினப்படி 31. வீட்டுக்கு 300 அனுப்பிவிடுவேன். நீ கேட்டதற்கு: இல்லை, குளிருக்குக் கம்பளி வாங்கவில்லை, மார்ச்சில் எதற்கு?"

அம்மா சிரித்தாள். "நான் ஜனவரிக்குத்தான் கேட்டேன்."

அதற்கப்புறம் எந்தக் கடிதத்தை எடுத்தாலும் "நீ கேட்டதற்கு" மட்டும் தனியாகக் கண்ணில் படுகிறது. நீ கேட்டதற்கு, மைய மண்டபத்தில் காப்பி நன்றாக இருக்காது. நீ கேட்டதற்கு, பிரதமர் என்னிடம் பேசியதில்லை, ஒருமுறை தலையசைத்தார். நீ கேட்டதற்கு, பேசவில்லை. பேசவில்லை என்பது மறுபடி மறுபடி வருகிறது. அம்மா எழுதியவை ஒன்றுகூட இல்லை. ஃப்ளாட்டைக் காலி செய்த அன்று என்ன ஆயினவோ. அவள் கேட்டதெல்லாம் அவர் பதிலுக்குள்தான் இருக்கிறது.

ஜூன் 18

வீடு வாங்குகிறவர் போன் செய்தார். மாதக் கடைசிக்குள் சாவி வேண்டுமாம். கொல்லைப் பக்கத்து அறையை நான் இன்னும் தொடவே இல்லை.

ஜூன் 20

"நான் பிறந்தப்ப அப்பா வந்தாங்களாம்மா?"

"வந்தாங்க."

சாயங்காலம் அண்ணன் அதையே கேட்டான். "வரலைடா. சபை நடந்துச்சு."

ஜூன் 21

அண்ணன் மகன் போனில் காட்டினான். பழைய மக்களவை விவாதங்களையெல்லாம் ஏற்றி வைத்திருக்கிறார்கள். தாத்தா பெயரைப் போட்டுத் தேடினால் வருவது பெரும்பாலும் கேள்விகள். அமைச்சர் தெரிவிப்பாரா, அப்படியானால் அதன் விவரங்கள் என்ன, இல்லையெனில் காரணம் என்ன. நட்சத்திரக் கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர் துணைக்கேள்வி போடலாம். கேள்வி நேரம் 11 மணியிலிருந்து 12 வரைதான். 12 அடித்துவிட்டால் மிச்சக் கேள்விகளுக்கெல்லாம் எழுத்தில் பதில். அப்பாவின் கேள்விகள் பட்டியலில் எப்போதும் கீழே. ஒரு கடிதத்தில் எழுதுகிறார்: "எனக்கு முந்தைய கேள்வியில் ஐந்து பேர் துணைக்கேள்வி கேட்டார்கள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊர் வாய்க்காலைப் பற்றிக் கேட்க வேண்டியதை உனக்காவது எழுதுகிறேன்." அதன் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுத் துணைக்கேள்விகள் முழுதும். அந்த மூன்றையும் அமைச்சர் கேட்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அம்மா படித்திருக்கிறாள்.

ஜூன் 22

காய்ச்சல் 101. படிக்கவில்லை.

ஜூன் 23

இன்றும்.

ஜூன் 25

காய்ச்சல் விட்டது. வார்டு டிவியில் பதவியேற்பு. நம் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகத் தமிழில் உறுதிமொழி எடுத்தார்கள். அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். "இது அந்த இடம் இல்லையே." கட்டடம் மாறிவிட்டது, போன வருஷம் புதுசுக்குப் போய்விட்டார்கள் என்றேன். "வட்டமா இல்லையா?" இல்லை என்றதும் முகம் வாடிப்போயிற்று. அவள் டெல்லிக்குப் போனதே இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் நடந்து நடந்து எழுதிய வட்டம்தான்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் திக்கும். இந்தி வராது. இரண்டும் வராதவர் அவைத்தலைவர் அனுமதித்தால் தாய்மொழியில் பேசலாம் என்று அரசியல் சட்டத்தின் 120வது பிரிவு சொல்கிறது. "அப்படிப் பேசினால் எதிரில் இருப்பவர்களுக்குப் புரியாது, புரியாமல் பேசி ஊருக்கு என்ன லாபம்" என்று எழுதியிருக்கிறார். இங்கிலீஷில் எழுதி மனப்பாடம் செய்திருக்கிறார். ராத்திரி ஃப்ளாட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உரக்கச் சொல்லிப் பார்ப்பாராம். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

ஜூன் 26

1970 செப்டம்பர். முன்னாள் மன்னர்களுக்கு அரசு கொடுத்துவந்த மானியத்தை ஒழிக்கும் மசோதா மாநிலங்களவையில் தோற்ற நாள். ஆதரவு 149, எதிர்ப்பு 75. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், ஒரு முழு ஓட்டுகூட இல்லை, அதில் ஒரு துண்டுதான் குறைந்தது. அப்பா இதை இரண்டு வரியில் முடித்துவிட்டு, மிச்ச இடம் பூரா அண்ணனின் இருமலுக்குக் கொடுத்திருக்கிறார். எந்த டாக்டர், எத்தனை வேளை, ராத்திரி ஜன்னலைச் சாத்து. இடம் போதாமல் மடிப்போரத்தில் எறும்பு மாதிரி எழுத்து. பிரிக்கும்போது அம்மா அவசரமாகக் கிழித்ததில் மூன்று வார்த்தை போய்விட்டது. "குழந்தையிடம்" என்பதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை. அந்த மூன்று வார்த்தை என்னவென்று அம்மாவைக் கேட்டேன். அவளுக்கு நினைவில்லை. எந்தக் குழந்தை என்பதும்.

ஜூன் 28

அந்த ஏப்ரல் கட்டு கிடைத்துவிட்டது. வேறு கட்டில், 1968 குளிர்காலத்துக்குள் செருகியிருந்தது.

"தந்தி கிடைத்தது. மிக்க சந்தோஷம். உடனே கிளம்ப மனம் துடிக்கிறது. துறைகளின் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதம் நடக்கிறது, பேசுகிறவர்கள் பட்டியலில் என் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பேசிவிட்டு ஜி.டி. ரயில் ஏறுகிறேன்."

அடுத்தது: "இன்றும் என் முறை வரவில்லை."

அதற்கடுத்தது: "கில்லட்டின் விழுந்துவிட்டது. அதாவது, குறித்த நாள் வந்ததும் பேசி முடிக்காத துறைகளின் கோரிக்கைகளை எல்லாம் ஒன்றாக ஓட்டுக்கு விட்டுவிடுவார்கள். எங்கள் துறையும் அதில் போயிற்று. எழுதி வைத்தது சட்டைப் பையில் இருக்கிறது. நாளை கிளம்புகிறேன்."

சென்னைக்கு இரண்டு ராத்திரி, அங்கிருந்து எழும்பூர் போய் இன்னொரு ராத்திரி. பேசாத பேச்சுக்காக அத்தனை நாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடேயே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "அன்னைக்குப் பேசியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும். ராத்திரியெல்லாம் எழுதினாங்களே" என்றாள்.

"அதனாலதானேம்மா லேட்டா வந்தாங்க?"

"வந்தாங்கல்ல."

ஜூன் 29

அண்ணன் கடிதங்களை ஏதாவது நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறான். கரையான் அரிக்கும், அங்கே பத்திரமாக இருக்கும், ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு உதவும். எல்லாம் சரிதான். ஆனால் அம்மா கேட்டு முடிக்காமல் ஒன்றையும் வெளியே விட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணி என் பக்கம்.

ஜூலை 1

சாவிக்குப் பத்து நாள் தவணை கிடைத்தது. டாக்டர் நாளையிலிருந்து வாக்கர் வைத்து நடக்கச் சொல்கிறார். அம்மாவுக்குப் பயம், ஒத்துக்கொள்ளவில்லை. நாலு அடி நடந்தால் ஒரு கடிதம் என்று பேரம் பேசியிருக்கிறேன். 1969 ஜூலைக் கட்டைப் பையில் எடுத்து வைத்தாயிற்று. 19ஆம் தேதி வங்கிகளை அரசுடைமையாக்க அவசரச் சட்டம், 21ஆம் தேதி சபை கூடுகிறது, அப்பா ரயிலில் இருந்தபடியே எழுதத் தொடங்கியிருக்கிறார், கையெழுத்து ஆடுகிறது.