உப்பளத்தில் எலக்ட்ரான் இடம் மாறுவதில்லை

அயனிப் பிணைப்பு என்றவுடன் பள்ளி வேதியியல் படித்த எவருக்கும் ஒரு படம் நினைவுக்கு வரும். இடப்பக்கம் 2, 8, 1 என்ற எலக்ட்ரான் அமைப்புடன் ஒரு சோடியம் அணு, வலப்பக்கம் 2, 8, 7 என்ற அமைப்புடன் ஒரு குளோரின் அணு. சோடியத்தின் கடைசி எலக்ட்ரான் வளைந்த அம்புக்குறி வழியே குளோரினிடம் போய்ச் சேர, இரண்டுக்கும் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் அமைகின்றன. சோடியம் நேர்மின் அயனியாகவும் குளோரின் எதிர்மின் அயனியாகவும் மாறிவிடுகின்றன. ஜெர்மனியில் கோசலும் அமெரிக்காவில் லூயிஸும் 1916-இல் தனித்தனியே வெளியிட்ட கருத்துகளிலிருந்து வளர்ந்த படம் இது. படத்தில் பிழை இல்லை. ஆனால் "பிணைப்பு எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் என்னிடம் மாலை வகுப்புக்கு வரும் மாணவர்களில் பெரும்பாலோர் அந்த அம்புக்குறியின்மேல் விரலை வைக்கிறார்கள். பிணைப்பு அங்கே இல்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சோடியம் தன் எலக்ட்ரானைச் சும்மா விட்டுவிடுவதில்லை. வாயு நிலையிலுள்ள ஒரு மோல் (அணுக்களை எண்ண வேதியியலில் பயன்படும் அலகு) சோடியம் அணுக்களிலிருந்து ஆளுக்கு ஓர் எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க 496 கிலோஜூல் செலவாகிறது. அவற்றைக் குளோரின் அணுக்கள் ஏற்றுக்கொள்ளும்போது வரவு 349 கிலோஜூல் மட்டுமே. அம்புக்குறியோடு கணக்கை முடித்தால் 147 கிலோஜூல் நட்டம். சோடியம் உலோகத்தை ஆவியாக்கும் 108, குளோரின் மூலக்கூறுகளை அணுக்களாகப் பிரிக்கும் 121 ஆகியவற்றையும் சேர்த்தால் நட்டம் 376 கிலோஜூலாக ஏறிவிடும். எட்டு எலக்ட்ரான் என்ற நிறைவு மட்டுமே இந்தக் கடனை அடைக்காது. பிரிந்து நிற்கும் அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்து, நெருங்கி, படிகமாக அடுக்கப்படும்போது வெளிவரும் 787 கிலோஜூல்தான் கடனை அடைத்து, மேற்கொண்டு 411 கிலோஜூலை மிச்சமாக வைக்கிறது. இந்த 787-க்குப் படிகக்கூடு ஆற்றல் என்று பெயர். அயனிப் பிணைப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

அந்த ஈர்ப்புக்குத் திசை கிடையாது. ஒரு சோடியம் அயனி தன்னிடமிருந்து எலக்ட்ரான் பெற்ற குளோரைடு எது என்று பார்ப்பதில்லை; மேல், கீழ், முன், பின், இடம், வலம் என ஆறு குளோரைடு அயனிகள் அதைச் சூழ்ந்து நிற்கின்றன, ஒவ்வொரு குளோரைடையும் அதேபோல ஆறு சோடியம் அயனிகள் சூழ்கின்றன. லாரன்ஸ் பிராக் 1913-இலேயே எக்ஸ் கதிர்களைக் கொண்டு இந்த அடுக்கைக் கண்டறிந்துவிட்டார். சற்றுத் தள்ளி நிற்கும் ஒத்த மின்சுமைகளின் விலக்கத்தையும் கழித்துக் கூட்டினால், அதே தொலைவில் நிற்கும் ஒற்றை இணையின் ஈர்ப்பைப்போலச் சுமார் 1.75 மடங்கு படிகத்தில் கிடைக்கிறது. ஆகவே ஒரு கல் உப்பில் தனியான "உப்பு மூலக்கூறு" என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. வாய்பாடு சொல்வது ஒன்றுக்கொன்று என்ற விகிதத்தை மட்டுமே.

எங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் இதை விளக்கப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. அளத்திலிருந்து வந்த பெரிய கல்லுப்பு ஒன்றைக் கைலென்ஸுக்கு அடியில் வைத்தால் நேரான விளிம்புகளும் செங்கோண மூலைகளும் தெரியும். சில கற்களில் முகத்தின் நடுப்பகுதி படிபடியாக உள்ளிறங்கிக் குழிந்திருக்கும். விளிம்புகள் வளர்ந்த வேகத்துக்கு நடுப்பகுதி ஈடுகொடுக்கவில்லை என்பதன் தடயம் அது. ஒரு முகத்துக்கு இணையாகப் பிளேடை வைத்து மெல்லத் தட்டினால் கல் நொறுங்காமல் தட்டையாகப் பிளக்கும். அயனி வரிசை ஓரிடம் நகர்ந்ததும் நேர்மின் அயனிக்கு எதிரே நேர்மின் அயனி வந்துவிடுகிறது, விலக்கம் இரு பாதிகளையும் பிரித்துவிடுகிறது. உப்பின் கடினத்துக்கும் அது எளிதில் உடைவதற்கும் காரணம் ஒன்றே என்பதை இந்தத் தட்டலைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது என்பது என் எண்ணம்.

உப்பு வாரும் குடும்பத்திலிருந்து வரும் ஒரு மாணவி கேட்டாள்: "சார், எங்க அளத்துல சோடியமும் இல்ல, குளோரினும் இல்ல. அப்பறம் உப்பு எப்படி விளையுது?" பாடத்தின் நடு முடிச்சை அவள் பிடித்துவிட்டாள். வாலிநோக்கம் பகுதியில் 1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் அளமானாலும் சரி, வேறு சிறு அளங்களானாலும் சரி, பாத்தியில் எந்த எலக்ட்ரானும் சோடியத்திலிருந்து குளோரினுக்குப் போவதில்லை. கடல்நீரிலேயே அவை அயனிகளாகத்தான் இருக்கின்றன. ஒரு கிலோ கடல்நீரில் கரைந்துள்ள சுமார் 35 கிராம் உப்புகளில் குளோரைடு 19 கிராம், சோடியம் ஏறக்குறைய 11 கிராம். நீர் மூலக்கூறுகள் தம் ஆக்சிஜன் பக்கத்தைச் சோடியத்துக்கும் ஹைட்ரஜன் பக்கத்தைக் குளோரைடுக்கும் காட்டி அவற்றைப் போர்த்தி நிற்பதாலும், நீருக்குள் மின் ஈர்ப்பு ஏறக்குறைய எண்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதாலும் அயனிகள் சேராமல் திரிகின்றன. வெயிலும் காற்றும் நீரைக் கொண்டுபோகப் போக, போர்த்த நீர் போதாமல் அவை படிகமாக அடுக்கப்படுகின்றன. அளத்தில் நடப்பது எலக்ட்ரான் மாற்றம் நீங்கலான பிணைப்பு மட்டுமே.

எல்லா அயனிகளும் ஒரே நேரத்தில் படிவதும் இல்லை. நீரின் அடர்த்தியை அளத்தில் டிகிரி கணக்கில் பார்ப்பார்கள்; இது வெப்பநிலை டிகிரி அல்ல, போமே (Baumé) என்ற அடர்த்தி அளவையின் டிகிரி. முதலில் கால்சியம் கார்பனேட் படியும். பிறகு ஏறத்தாழ 13, 14 டிகிரியில் ஜிப்சம் (நீரோடு சேர்ந்த கால்சியம் சல்பேட்) படியத் தொடங்கும். கால்சியம், சல்பேட் இரண்டுமே இரட்டை மின்சுமை கொண்டவை என்பதால் அவற்றின் பிடி வலுவானது. 100 கிராம் நீரில் சோடியம் குளோரைடு 36 கிராம் கரையுமென்றால் ஜிப்சம் கால் கிராம் அளவே கரையும். 25 டிகிரியை ஒட்டி நம் உப்பு விளைகிறது. 29, 30 டிகிரிக்கு மேல் போகவிடாமல் மிஞ்சிய கசப்பு நீரை வடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் அதில் மக்னீசியம் திரண்டிருக்கிறது.

மக்னீசியம் அயனி சோடியம் அயனியைவிடச் சிறியது, மின்சுமையோ இரு மடங்கு. இரட்டை மின்சுமை என்றாலும், சேர்ந்திருப்பது ஒற்றைச் சுமையுள்ள குளோரைடு என்பதால், படிகத்தைவிட நீரையே அது இறுகப் பற்றிக்கொள்கிறது. படிகமானாலும் ஆறு நீர் மூலக்கூறுகளோடுதான் படிகமாகும். தூய சோடியம் குளோரைடு காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் கசியும், மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். ஐப்பசி பிறந்ததும் வீட்டு உப்பு நீர் விடுவதற்கு ஒட்டியிருக்கும் மக்னீசியமே பெரும் காரணம். அதனால்தான் உப்பை நல்ல தண்ணீரில் கழுவாமல், உப்பு இனிக் கரையாத அளவுக்குச் செறிந்த உப்புநீரில் கழுவுகிறார்கள். அந்த நீரில் சோடியம் குளோரைடுக்கு இடமில்லை. மக்னீசியம் குளோரைடு மட்டும் கரைந்து வெளியேறுகிறது.