ஆணிக்கோடு விழுந்த வண்டியும் உடுமலைப் பெயிண்டரும்

வண்டி 2017 மாடல் ஸ்விஃப்ட், சில்வர் நிறம். ஆனி மாதக் கல்யாணம் ஒன்றுக்காகத் தாராபுரம் போன இடத்தில் மண்டபத்துக்குள் நிறுத்த இடமில்லை, எதிர்த் தெருவில் விட்டிருந்தேன். ராத்திரியில் யாரோ கைவரிசையைக் காட்டிவிட்டார்கள். இடது பக்கம் முன் கதவில் தொடங்கி, பின் கதவைத் தாண்டி, பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் போய் முடிகிற மாதிரி ஆணியால் இழுத்த ஒரே கோடு. அது போதாதென்று பானட்டின் மேல் சிவப்பு எனாமல் பெயிண்டைத் தெளித்திருந்தார்கள். ஏன், எதற்கு என்று இன்றுவரை தெரியாது. அந்தத் தெருக்காரர் யாருடைய வாசலையாவது மறித்து நிறுத்திவிட்டேனா என்று பார்த்தேன், அப்படியும் இல்லை. மண்டபத்துக் கேமரா மண்டப வாசலை மட்டும்தான் பார்க்கிறது.

ஒறம்பரையில், அதாவது சொந்தக்காரர்களில், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒரு மாமா தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். தடவினால் கோடு மறையத்தான் செய்யும், அடுத்த வாட்டர் வாஷ் வரைக்கும். டூத் பேஸ்ட் வைத்தியமும் வந்தது. பேஸ்ட்டில் மெல்லிய அரைப்புத்தூள் இருப்பதால் மேலாக உரசிய தடத்தைக் கொஞ்சம் மங்கவைக்கும். ஆணி போன பள்ளத்தை அது எங்கே நிரப்பப் போகிறது.

போலீஸ் புகார் கொடுப்பதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. நான் கொடுத்தேன். பிடித்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் இல்லை, இன்ஷூரன்ஸ் கேட்டால் கையில் ஒரு தாள் இருக்கட்டும் என்றுதான். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். என்கிற ரசீது கொடுத்தார்கள். இந்த மாதிரி வேண்டுமென்றே செய்யும் சேதம் பாரதிய நியாய சன்ஹிதா என்கிற குற்றச் சட்டத்தில் 324-வது பிரிவில் வருகிறது. புகாருக்குப் போகும் முன்பே நான்கு பக்கமும் போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், துடைத்துவிட்டு எடுக்காதீர்கள்.

அடுத்தது இன்ஷூரன்ஸ் கணக்கு. இதைப் பலபேர் போடுவதே இல்லை. முழு இன்ஷூரன்ஸ் இருந்தால் விஷமத்தனமான சேதத்துக்கும் பணம் உண்டு. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் கிடையாது. சர்வீஸ் சென்டரில் முன் கதவு, பின் கதவு, பெட்ரோல் மூடிப் பக்கம் என்று மூன்று பேனலும் முழுக்க அடிக்க வேண்டும் என்று சொல்லி 12,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தார்கள். பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் விலை என்று எடுத்துக்கொண்டு, அதில் பாதியைத் தேய்மானம் என்று கழிப்பார்கள். அதாவது 3,000-இல் 1,500 போகும். 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. ஆக எனக்குக் கிடைப்பது 9,500. தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி எடுத்திருந்தால் அந்த 1,500-ம் சேர்ந்து வரும், என் வண்டி வயசுக்கு அதை எடுக்கவில்லை.

சரி, 9,500 லாபம்தானே என்றால் இல்லை. நான் க்ளைம் செய்யாமல் ஓட்டி பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடிக்கு, அதாவது நோ க்ளைம் போனஸுக்கு, வந்திருக்கிறேன். ஒரு க்ளைம் போட்டால் அடுத்த வருஷம் அது பூஜ்யம். அப்புறம் 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50-க்கு வரும். வருஷா வருஷம் இழக்கிற வித்தியாசத்தைக் கூட்டினால் 50, 30, 25, 15, 5, மொத்தம் 125 சதவீதம். என் வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியம், தள்ளுபடிக்கு முன்னால், சுமார் 6,000. வண்டி மதிப்பு குறையக் குறைய அதுவும் கொஞ்சம் இறங்கும், இருந்தாலும் தோராயமாக 7,500 ரூபாய் தள்ளுபடி கையைவிட்டுப் போகிறது. ஒன்றிரண்டாயிரத்துக்காக இந்தச் சோலி வேண்டாம் என்று விட்டேன். பள்ளமாக அடிபட்டு, பேனலே மாற்றுகிற அளவுக்குச் சேதம் என்றால் கணக்கு வேறு மாதிரி வரும், அப்போது தயங்காமல் போடலாம்.

அப்புறம்தான் உடுமலையில் எங்களுக்குத் தெரிந்த பெயிண்டர் அண்ணனிடம் போனேன். முன்பு கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் வேலை பார்த்தவர், கார் வேலைக்கு மாறிப் பல வருஷம் ஆகிறது. எஸ்டிமேட் தாளைக் காட்டினேன். வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியைக் கழுவச் சொல்லிவிட்டு, ஈரம் காய்ந்ததும் கட்டைவிரல் நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துக்கொண்டே முன் கதவிலிருந்து பின்னால் வரை நடந்தார்.

"இதுக்குப் பூராவும் அடிக்கோணும்னு எவனுங் தம்பி சொன்னது? கம்பெனிப் பெயிண்ட்டு மறுபடி வருங்களா?"

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கம்பெனியில் தகட்டுக்கு மேல் ப்ரைமர், அதன் மேல் கலர், அதன் மேல் நிறமில்லாத கிளியர் கோட் என்று அடித்து, 130, 140 டிகிரி சூட்டில் வேகவைக்கிறார்கள். வெளியே எந்தப் பட்டறையிலும் அந்தச் சூடு கொடுக்க முடியாது, கண்ணாடியும் ஒயரும் பிளாஸ்டிக்கும் மாட்டிய வண்டி தாங்காது. நல்ல பெயிண்டிங் பூத்தில்கூட 60 டிகிரி வாக்கில்தான் காயவைப்பார்கள். எல்லாம் சேர்ந்தே 100, 120 மைக்ரான் கனம்தான், ஒன்றிரண்டு தலைமுடி கனத்துக்கு மேல் இருக்காது. அதில் கிளியர் கோட் மட்டும் 40 மைக்ரான் அளவு. கோடு அதற்குள் நின்றுவிட்டதா, கலரையும் கிழித்துவிட்டதா, தகடு தெரிகிறதா என்பதைப் பொறுத்துத்தான் வைத்தியம்.

நகம் சிக்காமல் வழுக்கினால் கிளியர் கோட்டோடு நின்றது, காம்பவுண்ட் என்கிற அரைப்புப் பசை போட்டால் போய்விடும். நகம் லேசாகச் சிக்கி, உள்ளே அதே கலர் தெரிந்தால் ஓரளவு குறைக்கலாம். சாம்பல் நிறமாக ப்ரைமர் தெரிந்தாலோ, தகடு பளிச்சென்று தெரிந்தாலோ பள்ளத்தில் மட்டும் கலரைத் தொட்டு வைக்கிற டச்-அப் இல்லாமல் முடியாது. என் வண்டியில் ஒரே கோட்டில் மூன்றும் இருந்தது. இழுத்தவனுக்கு முன் கதவில் பயம், பின்னால் போகப் போகத் தைரியம் வந்திருக்கிறது.

முதலில் பானட். எனாமல் காய்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஷாம்பு தண்ணீரில் கழுவி, துணியில் டர்பன்டைன் நனைத்து, அழுத்தாமல் ஒற்றி ஒற்றி எடுத்தார். துணியை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தார், அதே துணியில் தேய்த்தால் சிவப்பு பரவுமாம். எடுத்த கையோடு மறுபடி ஷாம்பு போட்டுக் கழுவினார். தின்னர் பக்கமே போகவில்லை. வெளியில் மறுபெயிண்ட் அடித்த இடத்தில் தின்னர் பட்டால் பெயிண்டே பொரிந்து வரும், ஹெட்லைட் பிளாஸ்டிக்கில் பட்டால் வெடிப்பு விழும். மிச்சம் ஒட்டியிருந்த புள்ளிகளை கிளே பார் என்கிற களிமண் கட்டியை வைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து வழித்தார். பானட் அப்படியே பழையபடி வந்துவிட்டது. செலவென்று பார்த்தால் இதில்தான் குறைவு.

முன் கதவில் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை ஊறவைத்து, கோட்டை ஒட்டி மட்டும் லேசாகத் தேய்த்தார். பிறகு 3000. அந்த இடம் மங்கி வெள்ளையடித்தது போல ஆனதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்புறம் காம்பவுண்ட் வைத்து பஃபிங் மிஷின் ஓட்டியதும் பளபளப்பு திரும்பியது. கதவின் விளிம்பிலும் மடிப்புக் கோட்டிலும் மிஷினைக் கொண்டுபோகவே இல்லை, அங்கேயெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டார். விளிம்பில் பெயிண்ட் மெல்லிசாக இருக்கும், கொஞ்சம் அதிகமாக நின்றால் கிளியர் கோட் எரிந்துவிடும். அப்படி எரிந்தால் அந்தக் கதவுக்குப் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. வீட்டில் செய்கிறவர்கள் மிஷின் வாங்காமல் கையாலேயே செய்வது நல்லது. தகடு சூடாக இருக்கும்போதும் செய்யக்கூடாது, நிழல் வேண்டும்.

பின் கதவுதான் தலைவலி. ப்ரைமர் வரை போயிருந்தது, வண்டியோ சில்வர். வெள்ளை, சிவப்பு மாதிரி வெறும் கலர் என்றால் தொட்டு வைப்பது சுலபம். சில்வரில் அலுமினியத் துகள் இருக்கிறது. ஸ்ப்ரே கன்னில் அடிக்கும்போது அது ஒரு மாதிரி படுக்கும், பிரஷ்ஷில் வைத்தால் வேறு மாதிரி படுக்கும். கலர் சரியாக இருந்தாலும் பிரஷ்ஷில் வைத்தது ஒரு பக்கமிருந்து பார்த்தால் கருப்படிக்கும்.

கலர் கலக்கக் கோயமுத்தூர் போனேன். மாருதியின் சில்க்கி சில்வருக்குக் குறியீடு இசட்2எஸ். எந்தக் கம்பெனி வண்டியானாலும் இப்படி ஒரு குறியீடு எஞ்சின் பக்கத்துத் தகட்டிலோ கதவுத் தூணிலோ இருக்கும், பார்த்துக் குறித்துக்கொண்டு போக வேண்டும். அது மட்டும் போதாது, பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கொண்டுபோகச் சொல்லி அனுப்பினார் அண்ணன். வெயிலில் இத்தனை வருஷம் நின்ற வண்டியின் நிறம் புதுசில் இருந்தது போல இருக்காது. கடைக்காரர் குறியீட்டுக்குக் கலக்கி, அட்டையில் தடவி, மூடியோடு வெயிலில் வைத்துப் பார்த்து, இன்னொரு சொட்டு எதையோ சேர்த்தார். டியூப்லைட்டில் ஒத்துப்போகிற சில்வர் வெயிலில் ஒத்துப்போகாது. 100 மில்லிக்குக் குறைந்து கலக்க முடியாது என்றார். எனக்கு வேண்டியது ஒரு ஸ்பூன், மீதி டப்பாவில் இருக்கிறது.

பல்குச்சி முனையில் பெயிண்ட்டைத் தொட்டு, பள்ளத்துக்குள் மட்டும் விழுகிற மாதிரி வைத்தார். ஒரே தடவையில் நிரப்பாமல் மெல்லிய அடுக்காக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. கலர் மட்டும் வைத்தால் மங்கலாக இருக்கும், மேலே கிளியர் வைக்க வேண்டும். கிளியர் பக்கத்துப் பெயிண்ட்டைவிடத் துளி மேடாக நிற்கும்படி விட்டு, சில நாள் காயப்போட்டு, அப்புறம் 2000 பேப்பரைச் சின்னக் கட்டையில் சுற்றி அந்த மேட்டை மட்டும் சமன் செய்து, கையாலேயே காம்பவுண்ட் போட்டார். ஹார்ட்னர் கலந்து கன்னில் அடிக்கிற 2கே கிளியரை வீட்டில் யாரும் முயல வேண்டாம். அதில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

முன் கதவில் இப்போது கோடு இருந்த இடமே தெரியவில்லை. பின் கதவில் பக்கத்தில் நின்று சாய்த்துப் பார்த்தால் ஒரு மெல்லிய தடம் தெரிகிறது. நான்கடி தள்ளி நின்றால் எனக்கே தேட வேண்டியிருக்கிறது. பத்து வருஷத்தைத் தொடப் போகிற வண்டிக்கு இது போதும் என்பது என் கட்சி, மனைவிக்கு இதில் உடன்பாடில்லை.

பெட்ரோல் மூடிப் பக்கம் மட்டும் மிச்சம். அங்கே ஒரு சாண் நீளத்துக்குத் தகடே தெரிகிறது, அகலமும் அதிகம். இது டச்-அப்பில் அடங்காது, கன்னில் அடித்துத்தான் ஆக வேண்டும், சில்வர் என்பதால் பின் கதவு வரைக்கும் கலரை மெல்ல மெல்லக் குறைத்து மங்கலாக இழுத்துவிட வேண்டும் என்றார். அவருடையது திறந்த ஷெட். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே ஆடி பிறந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உடுமலையில் எப்படி அடிக்கும் என்று ஊரைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். ஈரக் கிளியரில் அத்தனை மண்ணும் வந்து உட்காரும்.

"இப்ப அடிச்சா மணல் பேப்பராட்டம் ஆயிருமுங்க. காத்து நிக்கட்டும், பொறவு வாங்க."

துரு பிடிக்காமல் இருக்க அந்த இடத்தைச் சுத்தம் செய்து ப்ரைமர் தடவி, மேலே நம் டப்பா கலரையே இரண்டு கோட் வைத்துவிட்டார். பார்க்க ஒட்டுப் போட்டது போலத்தான் இருக்கிறது. இதுவரை கலர், காம்பவுண்ட், கூலி எல்லாம் சேர்த்து 2,800 ஆகியிருக்கிறது. அந்தப் பேனலுக்கு 3,500 கேட்டிருக்கிறார், பெயிண்ட் நம்முடையது. புரட்டாசியில் காற்று ஓய்ந்ததும், ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கொண்டுவந்து விடச் சொல்லியிருக்கிறார். அடித்த பிறகு ஒரு மாசத்துக்கு வேக்ஸ் எதுவும் போடக்கூடாதாம், உள்ளே இருக்கிற தின்னர் ஆவியாகி வெளியேற வேண்டுமாம்.