போர்ட் லூயியிலிருந்து எந்த ஊருக்கு?

மொரீசியஸ் தலைநகரான போர்ட் லூயியை விட்டுக் கிராமப்புறத்தில் குடியேற முடிவெடுத்தபோது, வீட்டு வாடகையைக் கேட்பதற்கு முன்பே பள்ளியில் தமிழாசிரியர் இருக்கிறாரா என்று விசாரித்தோம். மொரீசியஸ் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் தமிழ் விருப்பப் பாடமே என்றாலும், வீட்டில் இந்நாட்டின் பேச்சுமொழியான கிரியோல் பேசி வளரும் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்க அந்த வகுப்பை விட்டால் வேறு வழியில்லை. முருகன் கோயில் இருப்பதால் என் மனம் முதலில் கிளெமென்சியா என்ற ஊரையே நாடியது. ஆனால் சர்க்கரை நோயுள்ள மாமியாருக்கு மருத்துவமனை அருகிலேயே இருக்க வேண்டும். ஜவஹர்லால் நேரு மருத்துவமனை ரோஸ் பெல் என்ற ஊரிலேயே அமைந்திருப்பதால், அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தோம். முதியோருக்கும் மாணவருக்கும் 2005 முதல் பேருந்துக் கட்டணம் இல்லை என்பதும் பெரிய ஆறுதல். புயல் காலமான பிப்ரவரியில், கனமழை நாளொன்றில் அங்கே சென்று, தெருவோர வாய்க்காலில் நீர் தேங்காமல் வடிவதைப் பார்த்த பிறகே வீட்டுக்கு முன்பணம் கொடுத்தோம். அரசு விடுமுறையான தைப்பூசத்தன்று காவடிக்குக் கிளெமென்சியா செல்வோம்.