கரையானுக்கு இரை வைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

சுவரில் மண் தடத்தைக் கண்டதும் தட்டிவிட்டு மருந்து அடிப்பதுதான் வழக்கம். இரை, அதாவது மருந்து கலந்த தீனி, வைப்பதாக இருந்தால் இரண்டையும் செய்யாதீர்கள். இரை கூட்டுக்குப் போவதே அந்தத் தடத்தின் வழியாகத்தான். தடமே இல்லாமல் மரச்சாமானுக்கு அடியில் கடுகு போல எச்சம் மட்டும் உதிர்ந்து கிடந்தால், அது உலர்மரக் கரையான். அதற்கு இந்த முறை உதவாது.

இரையில் கலந்திருப்பது ஹெக்ஸாஃப்ளூமுரான், குளோர்ஃப்ளுவாசுரான் போன்ற மருந்து. தின்ற கரையான் உடனே சாகாது. அடுத்து தோல் உரிக்கும்போதுதான் சாகும். அதற்குள் வாய்வழி ஊட்டி மற்றவற்றுக்கும் பரப்பிவிடும். இந்தத் தாமதம்தான் முறையின் உயிர். வேகமாகக் கொல்லும் மருந்து என்றால் இரையருகே பிணம் சேரும், மிச்சக் கூட்டம் ஒதுங்கிவிடும்.

மண்தரை இருந்தால் சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி, சுமார் 3 மீட்டருக்கு ஒரு இரைப் பெட்டி புதைக்கலாம். ஆனால் கரையான் அதைத் தானாகக் கண்டுபிடிக்க மாதக்கணக்காகும். சுற்றிலும் சிமெண்ட் பூசிய நகரக் கட்டடங்களில், கரையான் நடமாடும் தடத்தின் மேலேயே பெட்டியைப் பொருத்துவதைத்தான் நாங்கள் விரும்புகிறோம். தடத்தில் சிறிதளவு மட்டும் திறந்து, இரைத்தூளை ஈரமாகப் பிசைந்து அங்கே படியும்படி வைத்து, விளிம்பை டேப்பால் அடைக்க வேண்டும். வெளிச்சமோ காற்றோ புகுந்தால் கரையான் மண்ணால் அடைத்துவிட்டுப் போய்விடும். மாடி வீட்டில், கசியும் குழாயருகே சுவருக்குள்ளேயே கூடு கட்டியிருப்பதும் உண்டு. அதற்குத் தரைப் பெட்டியால் பயனில்லை.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை திறந்தால் போதும். இரை தீரும் முன் நிரப்புங்கள். காலியான பெட்டியைக் கரையான் கைவிட்டுவிடும். காய்ந்திருந்தால் நீர் தெளியுங்கள். எறும்பு புகுந்தாலும் பூச்சிமருந்து அடிக்காதீர்கள், பெட்டியே வீணாகும்.

மருந்து வேலை செய்தால் வேலைக்காரக் கரையான்கள் வெளுத்து மந்தமாகும், சிப்பாய்க் கரையான்களின் விகிதம் கூடும். கூட்டம் அழியப் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு மாதம். பெட்டி வெறிச்சோடினால் உடனே எடுத்துவிட வேண்டாம். இரை நிறைய மிஞ்சியிருந்தால் அது சாவு அல்ல, இடமாற்றமாக இருக்கலாம். வேறொரு தடத்தில் விரலகலம் உடைத்துப் பாருங்கள். சில நாளில் பூசப்பட்டிருந்தால் கூட்டம் உயிரோடுதான் இருக்கிறது, அங்கே இன்னொரு பெட்டி வேண்டும். எங்கும் பூசாவிட்டால் கசிவைச் சரிசெய்துவிட்டு, தரைப் பெட்டிகளில் மருந்தில்லாத மரத்துண்டு போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்; அக்கம்பக்கத்துக் கூட்டம் அதே பாதையில் வரக்கூடும்.