அணைக்கும்போது மட்டும் விழுந்த டிரைவர்

நேற்று ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு என் எல்இடி கடிகாரத்தை ஓட்டும் ராஸ்ப்பெர்ரி பையை அணைத்தபோது, ‘பவர் டவுன்’ என்ற கடைசி வரி சீரியல் திரையில் (கேபிள் வழியே வரும் செய்திகளைக் காட்டும் திரை) ஒழுங்காக வந்து நின்றது. நம்பிக்கை வராமல் இருபது தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஒரு தடவைகூட விழவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற வேலை இது, சூடு ஆறுவதற்குள் எழுதிவைக்கிறேன்.

மேக்ஸ் 7219 என்ற எல்இடி சிப் வைத்த பழைய கடிகாரம்தான். ராஸ்ப்பெர்ரி பை 3 என்ற குட்டிக் கணினி, வரிசையாக நாலு எல்இடி மாட்யூல், 5.10 கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி), எஸ்பிஐ-க்குச் (சிப்புகள் பேசிக்கொள்ளும் ஒயர்த் தொடர்பு) சொந்தமாக எழுதிய டிரைவர், அதாவது சாதனத்தை ஓட்டும் புரோகிராம். பைத்தானில் பத்து வரியில் முடிகிற காரியத்துக்கு எதற்குக் கெர்னல் வரை போகிறாய் என்றால், ஆசைதான். வேறு காரணம் சொல்ல வரவில்லை.

பையை அணைத்தாலும் அதன் 5 வோல்ட் பின்னில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதனால் கடைசியாகக் காட்டிய மணி அப்படியே உறைந்து நிற்கும். ‘என்ன இது, விடிஞ்சும் 10:42-லயே நிக்குது’ என்று வீட்டில் கேட்ட பிறகுதான் டிரைவரில் ஒரு ஷட்டவுன் ஃபங்ஷன் சேர்த்தேன். ஓடிக்கொண்டிருக்கும் டிலேய்ட் வொர்க்கை (நேரம் வைத்து ஓடும் வேலை) நிறுத்து, சிப்பின் 12-ஆம் ரெஜிஸ்டரில் 0 எழுதி விளக்கை அணை, பஃபருக்கு எடுத்த மெமரியை விடுவி. ஐந்து நிமிட வேலை. அன்றைக்குப் பிடித்தது சனி.

டிரைவரை மட்டும் கெர்னலிலிருந்து கழற்றினால் ஒரு தொந்தரவும் இல்லை. முழுதாக அணைத்தால்தான் எல்இடி இருண்டதும் பை அப்படியே தொங்கிப்போகும். மறுபடி ஏற்றிக் கெர்னலின் குறிப்பேட்டைத் தேடினால் வெற்றுக் காகிதம். அதை எழுதும் ஜர்னல் அதற்கு முன்பே கடையைச் சாத்திவிட்டது, எஸ்டி கார்டும் எழுத முடியாத நிலைக்குப் போய்விட்டது. சாகிறவன் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள ஆளே இல்லாத நேரம் அது.

ஆகவே சீரியல் கேபிள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு யுஎஸ்பி-டிடிஎல் கன்வெர்ட்டர் வாங்கிவந்து பையின் 8, 10-ஆம் சீரியல் பின்களில் மாட்டினால் திரை முழுக்கக் குப்பை எழுத்து. போலிச் சிப்பைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரை ஒரு வாரம் மனசுக்குள் திட்டினேன். கடைசியில் பார்த்தால் என் கிரவுண்டு ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருந்தது. (வாங்குகிறவர்கள் 3.3 வோல்ட் ஜம்பர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 5 வோல்ட்டில் விட்டால் பை பின்னுக்குச் சங்கு.)

ஒயரை மாற்றிய பிறகும் இரண்டாவது ஞாயிறு வீண். இது டைமர் சண்டைதான் (இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் மோதிக்கொள்வது) என்று முடிவே கட்டிவிட்டேன். வொர்க் ஓடும்போதே பஃபர் போய்விடுகிறது என்று நினைத்துக் கேன்சல் வரியை வேலை முடியும்வரை காத்திருக்கும் ‘சிங்க்’ வகைக்கு மாற்றினேன், பஃபருக்குப் பூட்டு (லாக்) போட்டேன், தூங்கவைத்துப் பார்த்தேன். பலன் பூஜ்யம். அப்போதே உறைத்திருக்க வேண்டும். டைமர் சண்டை என்றால் பத்துக்கு இரண்டு தடவை விழும், மூன்று தடவை விழும். இது பத்துக்குப் பத்து.

வழி காட்டியது பூட் வரியில் (ஏற்றும்போது கெர்னலுக்குத் தரும் கட்டளை வரி) சேர்த்த ‘இனிட்கால் டீபக்’. பெயரைப் பார்த்தால் ஏற்றும் நேரத்துக்கு மட்டும் என்று தோன்றும். ஆனால் அணைக்கும்போதும் கெர்னல் ஷட்டவுன் ஃபங்ஷன் உள்ள ஒவ்வொரு சாதனத்தின் பெயரையும் சொல்லிச் சொல்லித்தான் மூடுகிறது. பதிவான வரிசைக்கு நேர் தலைகீழாகப் போகும், பிள்ளை முதலில், தாய் பிறகு. திரையில் என் டிஸ்ப்ளேவின் பெயர் வந்தது, நல்லபடியாகத் தாண்டியது. அடுத்துச் சில பெயர்கள். பிறகு அதன் தாயான எஸ்பிஐ கன்ட்ரோலர். அங்கேதான் நல் பாயிண்டர் (எதையும் சுட்டாத வெற்று முகவரி) அலறல்.

யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று காட்டும் ஸ்டாக்கைக் கீழிருந்து மேலே படித்தேன். டிவைஸ் ஷட்டவுன், பிசிஎம் 2835 கன்ட்ரோலரின் ஷட்டவுன், அதற்குள்ளிருந்து அதே கன்ட்ரோலரின் ரிமூவ் (சாதனத்தைக் கழற்றும்போது கூப்பிடும் ஃபங்ஷன்), எஸ்பிஐ அன்ரிஜிஸ்டர் கன்ட்ரோலர், உச்சியில் என் ரிமூவ்! அணைக்கும்போது ரிமூவ் கூப்பிடப்படாது, ஷட்டவுன் மட்டும்தான் என்று நான் கற்பூரம் அடித்துச் சொல்லியிருப்பேன். என் டிரைவரைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் கன்ட்ரோலர் டிரைவர் தன் ஷட்டவுனில் ரிமூவையே கூப்பிட்டுத் தன்னைப் பதிவிலிருந்து நீக்கிக்கொள்கிறது. தாய் பதிவை நீக்கினால் அதன் கீழே உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் ரிமூவ் போகும். நான் ஏற்கெனவே விடுவித்த பஃபரை என் ரிமூவ் மறுபடி துடைக்கப் போய் விழுந்தது. விடுவித்த கையோடு பாயிண்டரை நல் ஆக்குகிற பழக்கம் இருந்ததால் அங்கேயே செத்தது. இல்லாவிட்டால் மெமரியில் எங்கோ ஒரு மூலையைக் கெடுத்துவிட்டு இன்னும் ஆறு மாதம் அலையவிட்டிருக்கும். அணைக்கும் வேலையை அந்த நேரத்தில் செய்துகொண்டிருப்பது 1-ஆம் எண் புராசஸ். அது செத்தால் கெர்னலே நின்றுபோகும் கெர்னல் பேனிக்தான், அதனால்தான் அந்தத் தொங்கல்.

மெயின்லைனில் (கெர்னலின் மூலப் பதிப்பு) இந்தக் கன்ட்ரோலர் ஷட்டவுனை 2021-லேயே திருத்திவிட்டார்கள். என் பழைய கெர்னலில்தான் அது இல்லை. கெர்னலைப் புதுப்பித்திருந்தால் தானாகப் போயிருக்குமே என்றால், போயிருக்கும், என் தப்பு உள்ளேயே இருந்திருக்கும். மின்சாரமே போகப்போகிற நேரத்தில் பஃபரை விடுவித்து யாருக்கு என்ன லாபம்? அந்த வரியைத் தூக்கினேன். ஷட்டவுன் இப்போது வொர்க்கை நிறுத்துகிறது, விளக்கை அணைக்கிறது, டிரைவர் டேட்டாவை நல் ஆக்குகிறது. ரிமூவ் அதைப் பார்த்து, நல் என்றால் வந்த வழியே திரும்பிவிடுகிறது. மொத்தம் நாலு வரி மாற்றம்.

ஆனால் 5.18 கெர்னலிலிருந்து எஸ்பிஐ ரிமூவ் எதையும் திருப்பித் தரக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள், கெர்னலைப் புதுப்பிக்கும்போது அந்த வரியிலும் கைவைக்க வேண்டும். அதற்கு முன்னால் இன்னொரு தொல்லை. 5 வோல்ட்டில் ஓடும் மேக்ஸ் 7219 தன் இன்புட்டில் குறைந்தது 3.5 வோல்ட் கேட்கிறது, பை தருவது 3.3. இதுவரை ஏதோ புண்ணியத்தில் ஓடுகிறது. நாலாவது மாட்யூல் அவ்வப்போது கண்ணடிப்பது அதனால்தான் என்று சந்தேகம். 3.3-ஐ 5 வோல்ட்டாக ஏற்றித் தர 74 எச்சிடி 125 சிப் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், பெட்டிக்கான அக்ரிலிக் இன்னும் வெட்டவே இல்லை.